கிளிநொச்சி நகரமையம்: ஒரு பட்டணம் எப்படி உருவாகிறது, மீளக் கட்டும்போது எங்கே இடறுகிறது

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் பரந்தன் சந்தியிலிருந்து தெற்கே வருகிறவருக்குக் கரடிப்போக்குச் சந்தியளவில் கடைகள் நெருங்கத் தொடங்கும். கந்தசுவாமி கோயில், வங்கிகள், சந்தை, டிப்போச் சந்தி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வாகனத்தில் சில நிமிடங்களுக்குள் பட்டணம் முடிந்துவிடும். குறுக்கே ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் அது இன்னும் கெதியாக முடியும். வேலிக்குள் தென்னை, மா, கிணறு. அப்பால் வாய்க்கால், வயல். ஒரு மாவட்டத் தலைநகரம் இப்படி நீளத்தில் வளர்ந்து அகலத்தில் வளராமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பிடிபட்டால், கூட்டங்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அடிபடும் ‘நகர மீளபிவிருத்தி’ என்ன வேலை, அது ஏன் இழுபடுகிறது என்பதும் விளங்கிவிடும்.

சுருக்கம் இதுதான்: கட்டடம் மாறும், கோடுகள் மாறுவது அரிது. கிளிநொச்சியில் பழைய கட்டடம் என்று காட்ட அதிகம் இல்லை. ஒரு தலைமுறைக்குள் பட்டணம் பலமுறை விழுந்து எழும்பியிருக்கிறது. ஆனால் வீதி ஓடும் கோடு, வாய்க்கால் ஓடும் கோடு, காணியின் எல்லைக்கோடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் முதலில் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன. எந்த மீளபிவிருத்தியும் இந்த மூன்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

வயலுக்காகப் பிறந்த ஊர்

வன்னியில் குளம் முந்தியது, ஊர் பிந்தியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் நடந்தது. வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. கண்டி யாழ்ப்பாண வீதி அதற்கும் முந்தியது. இந்த மூன்றும் இருந்த இடத்தில், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க 1936இல் குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி தொடங்கியது. காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு வயற்காணி, இவ்வளவு மேட்டுக்காணி என்று அளந்து கொடுத்தார்கள். வீடு மேட்டில், நெல்லு பள்ளத்தில், நடுவில் வாய்க்கால்.

அளந்தவரின் மனதில் கமக்காரர் இருந்தார், கடைக்காரர் இருக்கவில்லை. அதனால் காணித் துண்டுகள் பெரியவை. ஒழுங்கைகள் மாட்டு வண்டி வயலுக்குப் போய்வரப் போதுமான அளவில், வாய்க்காலை ஒட்டியே போட்டவை. பட்டணத்துக்குத் தேவையான குறுக்கு வீதிகள், சந்தைக்குப் பின்னால் லொறி வந்து போகும் வழி, வடிகால் போக ஒதுக்கிய நிலம் எதுவும் அந்த வரைபடத்தில் இடம்பெறவில்லை. நெல்லை விற்கவும் உரம் வாங்கவும் சனம் வீதிக்கு வந்தது. வீதியோரத்தில் கடை முளைத்தது. இரணைமடுவின் கீழே வயல் பெருகப் பெருகக் கடைகளும் வடக்கு தெற்காக நீண்டன.

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் துரத்தப்பட்ட குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. மலையகத்திலிருந்து வந்தவர்கள் பலருக்குத் திட்டக் காணி கிடைக்கவில்லை. பட்டணத்தின் ஓரங்களிலும் காட்டோரங்களிலும் சிறு துண்டுகளில் குடியமர்ந்து, மற்றவர் வயலில் கூலிக்குப் போனார்கள். இன்று நகரமையத்தைச் சுற்றியுள்ள நெருக்கமான குடியிருப்புகள் சிலவற்றில் மேட்டுக்காணி கால் ஏக்கருக்கும் குறைவாக இருப்பதன் கதை அங்கே தொடங்குகிறது. 1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து கிளிநொச்சி தனி மாவட்டமானது. கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) திணைக்களங்களும் வந்தன. கமக்காரரின் கடைத்தெரு அரச அலுவலர்களின் பட்டணமாகவும் ஆனது. ஆனால் நிலத்தில் கிடந்த வரைபடம் 1930களுடையதே.

அதற்குப் பிறகு நடந்ததை வன்னி வாசகருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990இல் ரயில் நின்றது. 1996 செப்டெம்பரில் இராணுவம் பட்டணத்தைப் பிடித்தது. 1998 செப்டெம்பரில் விடுதலைப் புலிகள் திரும்பப் பிடித்தார்கள். 2002 போர்நிறுத்தத்தில் ஏ9 திறந்தபோது பட்டணம் அவர்களின் நிருவாக மையமாக மீண்டும் எழுந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்தின் கையில் விழுந்தபோது அது ஆளில்லாத பட்டணம். வீதியோரம் சாய்ந்து கிடந்த கொங்கிறீற் தண்ணீர்த் தொட்டியைப் படத்தில் பார்க்காதவர் குறைவு. சனம் 2009 இறுதியிலிருந்து கட்டம் கட்டமாகத் திரும்பியது. 1981இல் இந்த மாவட்டப் பரப்பில் 91,764 பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் 113,510 பேர். முப்பத்தொரு வருடத்துக்கு இது மிகச் சிறிய வளர்ச்சி. ஆனால் திரும்பியவர்களில் பெரும்பகுதியினர் வீதியோடு ஒட்டியே தொழில் தேடினார்கள். 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சி வரை வந்தது, ஏ9 அகலமாகித் தார் போடப்பட்டது, வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் வரிசையாக வந்து இறங்கின. நெருக்கம் முழுவதும் ஒரே கோட்டில் விழுந்தது.

வீதியோர நீள்வளர்ச்சி என்றால் என்ன

ஒரு பெருவீதியின் இரு பக்கமும் ஒரே ஒரு வரிசையாகக் கட்டடங்கள் நீண்டு, அவற்றின் பின்னால் வெறும் காணி கிடப்பதைத்தான் திட்டமிடுவோர் நீள்வளர்ச்சி என்கிறார்கள். மாங்குளம், பரந்தன், புதுக்குடியிருப்பு எங்கும் இதே வடிவம்தான். கிளிநொச்சியில் ரயில் பாதையும் ஏ9க்கு ஏறத்தாழச் சமாந்தரமாக ஓடுவதால், ஒரு பக்கம் பின்னோக்கி வளரவும் தடை இருக்கிறது.

இதில் கெடுதல் என்னவென்றால், ஒரே வீதி இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 321 கிலோமீற்றர் ஓடும் நெடுஞ்சாலை அது. கொழும்புப் பஸ்ஸும் கொள்கலன் லொறியும் அதில்தான். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவதும், ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மருந்து வாங்குவதும், லான்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வைக்கோல் ஏற்றிக் குறுக்கே திரும்புவதும் அதே தாரில்தான். வீதியை அகலமாக்கினால் நெடுந்தூர வாகனம் வேகமெடுக்கும். உள்ளூர்க்காரர் கடப்பது இன்னும் ஆபத்தாகும். அகலமாக்காவிட்டால் நெரிசல். அகலத்தை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு இரண்டாவது கோடு ஒன்று வேண்டும். அதற்குப் பிறகு வருகிறோம்.

இருபது அடி முகப்பின் கணக்கு

வீதியோரக் காணியை விற்றும் பிரித்தும் கொடுக்கும்போது எல்லோருக்கும் வீதி முகப்பு வேண்டும். அதனால் துண்டுகள் ஒடுங்கி நீளும். பத்துப் பேர்ச், அதாவது ஒரு பரப்புக் காணியை எடுங்கள். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பத்துப் பேர்ச் 2,722 சதுர அடி. முகப்பு 20 அடி என்றால் ஆழம் 136 அடி வரும்.

இப்போது கோடுகளைப் போடுவோம். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமான ‘ஏ’ வகை வீதிகளில் கட்டட எல்லை பொதுவாக நடுக்கோட்டிலிருந்து 15 மீற்றர், ஏறத்தாழ 50 அடி. உங்கள் காணி நடுக்கோட்டிலிருந்து 33 அடியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முன்னால் 17 அடி நீளத்துக்கு நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. அது 340 சதுர அடி, ஒன்றேகால் பேர்ச். காணி உங்களுடையது, வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஆனால் அங்கே தூண் போட முடியாது. முதன்முறை கட்டுகிறவர்கள் கோபப்படும் இடம் இது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 17 அடியின் பயனையும் பார்க்க வேண்டும். ஒரு கார் நிறுத்த 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். 17 அடி என்பது 5.2 மீற்றர், 20 அடி என்பது 6.1 மீற்றர். கணக்குப் பார்த்தால் இரண்டு கார் அல்லது ஏழெட்டு மோட்டார் சைக்கிள் உங்கள் கடை வாசலிலேயே நிற்கும்.

நடப்பது வேறு. முதலில் அந்த இடத்தில் வெயிலுக்கு என்று ஒரு தகரச் சாய்ப்பு இறங்கும். அடுத்த வருடம் சாய்ப்பின் கீழே சாமான் பரவும். அதற்கடுத்து சாய்ப்புக்கு இரும்புக் கதவு வரும். வாடிக்கையாளரின் வாகனம் வீதி ஓரத்துக்குப் போகும், நடந்து போகிறவர் தாருக்குப் போவார். ஒருவர் சாய்ப்பு இறக்கினால் பக்கத்துக் கடை மறைபடும், மறைபட்டவரும் இறக்குவார். நகரசபை, பிரதேச சபை எங்கும் இதை உடைக்கப் போகிறவர்கள் தனியொரு கடையை மட்டும் உடைப்பதால்தான் சண்டை வருகிறது. ஒரு வரிசை முழுவதையும் ஒரே நாளில் அளந்து, ஒரே கோட்டுக்குப் பின்னுக்கு இழுத்தால் எவருக்கும் நட்டமில்லை.

கடதாசி

கிளிநொச்சி நகரமையத்தில் பெரிய வியாபாரம் நடக்கும் இடங்களில்கூடத் தகரக் கூரையும் பலகைச் சுவரும் நிற்பதைப் பார்த்து, காசில்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் காணிக் கடதாசி.

வன்னியில் புழங்கும் காணிகள் நான்கு வகை. முதலாவது உறுதிக் காணி: நொத்தாரிசு முடித்த உறுதி, பதிவகத்தில் பதிவு, விற்கலாம், ஈடு வைக்கலாம். இரண்டாவது ‘பேர்மிற்’ காணி: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம். குடியேற்றத் திட்டக் காணிகளின் அடிப்படை இதுதான். மூன்றாவது அதன் அடுத்த படியான அளிப்பு. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் கொடுபட்டவை. நான்காவது நீண்டகாலக் குத்தகை. அரச காணியைக் கடைக்கும் தொழிலுக்கும் எடுக்க வழக்கமான வழி. இவை நான்கிலும் சேராத ஐந்தாவதும் உண்டு: இருக்கிறோம், கடதாசி இல்லை.

பேர்மிற்றிலும் அளிப்பிலும் உள்ள கட்டுப்பாடு ஒன்றுதான், ஆனால் கனமானது. பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ பிரிக்கவோ முடியாது. காணியை நினைத்தபடி துண்டாக்கவும் முடியாது. கமக்காரர் கடன்பட்டு நிலத்தை இழக்கக் கூடாது என்ற நோக்கத்தில் போட்ட பூட்டு அது. வயலுக்கு அந்தப் பூட்டு நல்லது. அதே காணி நகரமையமாகிவிட்டால் தலையிடி. வங்கி ஈடு எடுக்கத் தயங்கும். ஈடு இல்லாவிட்டால் மாடிக் கட்டடத்துக்குக் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் தகரம். முகப்பை விற்க ஆசைப்பட்டவர் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்தோ அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதியோ கொடுத்துவிடுவார். வாங்கியவர் பத்து வருடம் வியாபாரம் செய்த பிறகு, கொடுத்தவரின் பிள்ளைகள் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைக் காட்டி வாசலில் நிற்பார்கள். சட்டப்படி அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை.

வாரிசு விடயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பின்னுரித்தாளியை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை, நியமிக்காமல் பேர்மிற்காரர் இறந்தால், பழைய சட்டம் ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்தது. 2022 திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. போரில் கணவரை இழந்த பெண்கள் பலர் குடும்பத் தலைவிகளாக இருக்கும் மாவட்டத்தில் இது சிறிய செய்தியல்ல. ஆனால் பின்னுரித்தை எழுத்தில் பதியாமல் விட்டால், எந்தத் திருத்தம் வந்தாலும் இழுபறி வரும். பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள்.

இடப்பெயர்வு இன்னொரு முடிச்சைப் போட்டது. பத்து வருடம் தடையில்லாமல் ஆட்சி செய்தவர் தனியார் காணிக்கு உரிமை கோரலாம் என்பது இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம். ஓடிப்போனவரின் காணியில் வேறொருவர் பத்து வருடம் இருந்துவிட்டால்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போரால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக எண்ணக் கூடாது என்றது. வழக்குத் தொடரக் கொடுத்த கால அவகாசம் குறுகியது. இந்தப் பத்து வருட ஆட்சியுரிமை அரச காணிக்குப் பொருந்தாது. அதை வேறு வழியில்தான் முறைப்படுத்த வேண்டும்.

மீளக் குடியேறியோருக்கு வீடு கட்டியதிலும் இதே கடதாசிதான் வாசலில் நின்றது. இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் அடுத்தது என்ற கணக்கு. காணிக்கு ஏதாவது ஒரு பத்திரமோ பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலோ இல்லாதவர்கள் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். நிலமற்றவர்களே வீடற்றவர்களாகவும் நீடித்தார்கள்.

தண்ணீர் போன வழி

கிளிநொச்சி ஒரு நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் குந்தியிருக்கும் பட்டணம். தெற்கே இரணைமடு, வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி. நடுவில் தட்டையான நிலம், பட்டணத்துக்குள்ளேயே கிளிநொச்சிக்குளம், குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 200 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 20,000 லீற்றர் தண்ணீர் இறங்கும். அப்படி நூறு கடை என்றால் இருபது இலட்சம் லீற்றர். முன்பு அந்த இடம் மண்ணாக இருந்தபோது ஒரு பகுதி ஊறியது, மீதி மெல்ல வடிந்தது. இப்போது கூரையிலிருந்து கொங்கிறீற் முற்றத்துக்கும் அங்கிருந்து வீதிக்கானுக்கும் (வீதியோர வடிகால்) சில நிமிடங்களில் வந்துவிடும்.

கான் அதைத் தாங்குமா என்பது அதன் குறுக்கு வெட்டைப் பொறுத்தது. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கலாம். காணிக்கு முன்னால் நாலடி அகலம், மூன்றடி ஆழமான மண் வாய்க்கால். வாகனம் உள்ளே போக வேண்டும் என்று இரண்டடி விட்டமுள்ள கொங்கிறீற் குழாயை வைத்து மேலே கிரவல் கொட்டிவிடுவார்கள். வாய்க்காலின் வெட்டுமுகம் 12 சதுர அடி. குழாயின் வெட்டுமுகம் 3.14 சதுர அடி. ஒரே நாளில் வழி கால்வாசியாகிவிட்டது. குழாயின் அடியில் அரை அடி மண் தங்கினால் இன்னும் குறையும். பிளாஸ்ரிக் பையும் வாழைத்தண்டும் வாயில் சிக்கினால் முடிந்தது. தண்ணீர் குழாயை வைத்தவரின் காணிக்குள் வராது, மேற்பக்கத்து அயலவரின் காணிக்குள் ஏறும். அதனால் வைத்தவருக்குத் தன் பிழை தெரிவதேயில்லை. குழாய்க்குப் பதில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே கொங்கிறீற் பலகை போட்டால் வாய்க்காலின் முழு அகலமும் மிஞ்சும். ஐந்தாறு அடிக்கு ஒரு பலகையைக் கழற்றக்கூடியதாக விட வேண்டும். மூடிப் பூசிய கானை எவரும் துப்பரவு செய்ய முடியாது.

வீதி மட்டமும் கவனிக்க வேண்டியது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் வீதி உயரும். புனரமைத்த ஏ9 பல இடங்களில் பக்கத்துக் காணியைவிட உயரம். பழைய கடைகள் பள்ளத்தில் இருக்கும். மழைத் தண்ணீர் வீதியிலிருந்து உள்ளே வரும். நில மட்டத்தை உங்கள் முற்றத்திலிருந்து அளக்காதீர்கள். வீதியின் நடு உச்சியிலிருந்து அளந்து, அதற்கு மேல் குறைந்தது ஓர் அடியாவது தரையை உயர்த்துங்கள். ஒன்றரை அடி என்றால் நிம்மதி. ஆனால் வாசல் படிகளைக் கட்டட எல்லைக்கு உள்ளேயே முடிக்க வேண்டும்.

குளக்கட்டின் ஒதுக்கீட்டு நிலம், வாய்க்கால் ஓரம் ஆகியவை வெறுமையாகக் கிடப்பதால் மலிவாகக் கிடைக்கும். விற்பவர் ‘இது பழைய வாய்க்கால், இப்ப தண்ணி ஓடுறதில்லை’ என்பார். வாய்க்கால் தூர்ந்தாலும் பள்ளம் தூராது.

மலசலக்குழி இன்னொரு வில்லங்கம். நகரமையத்தில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு காணிக்கும் சொந்தக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் கேட்பார். 20 அடி அகலமான துண்டில் உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து தூரமாக இருக்கலாம், பக்கத்துக்காரரின் கிணற்றிலிருந்து 12 அடியில் இருக்கும். காணியை ஒடுக்கமாகப் பிரித்தபோதே இந்தப் பிழை பிறந்துவிட்டது.

சந்தை எரிந்த இரவு சொல்லிக் கொடுத்தது

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தைக் கடைகள் ஓர் இரவில் எரிந்தன. பட்டணத்தில் அப்போது தீயணைப்புப் பிரிவு இல்லை. உதவி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. கிளிநொச்சிக்கு நகரசபையும் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்: மாவட்டத் தலைநகரத்தைப் பார்ப்பது கரைச்சிப் பிரதேச சபை. வயல், குளம், கிராமத்து ஒழுங்கை எல்லாவற்றோடும் சேர்த்து நகரமையத்தையும் அதே கையிருப்பில் பராமரிக்கிறது.

சந்தை நெருப்பு ஏன் கடைக்குக் கடை பரவும்? பக்கத்துப் பக்கத்துக் கடைகளின் நடுச்சுவர் பெரும்பாலும் ஏழெட்டு அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை ஒரே வெளி. கூரைக்குக் கீழே சூடு ஓடி, மூன்றாம் நான்காம் கடையில் தொங்கும் துணியைப் பிடிக்கும். மீளக் கட்டும்போது அதிக செலவில்லாமல் செய்யக்கூடிய பாதுகாப்பு, நடுச்சுவரைக் கூரைத் தகட்டுக்கு மேலே ஓர் அடி எழுப்புவது. ஐந்தாறு கடைக்கு ஒன்றாவது அப்படி நின்றால் நெருப்பு அந்தத் தொகுதியோடு மறியும். அடுத்தது வழி: தீயணைப்பு வாகனம் நுழைய 12 அடி அகலமும், மேலே வயரும் பெயர்ப்பலகையும் இடிக்காத உயரமும் வேண்டும். சந்தைக்குள் உள்ள நடைவழியில் பெட்டிகள் அடுக்கினால் அந்த 12 அடி ஐந்தடியாகிவிடும்.

சந்தையை மீளக் கட்டுவதில் இன்னொரு கண்ணி உண்டு, எல்லா ஊருக்கும் பொது. பழைய கடைக்காரரை ‘கொஞ்ச நாளைக்கு’ என்று ஓரிடத்துக்கு மாற்றிவிட்டுக் கட்டட வேலை தொடங்குவார்கள். வேலை இழுபடும், தற்காலிக இடத்தில் வியாபாரம் ஊன்றிவிடும் அல்லது விழுந்துவிடும். புதுக்கட்டடம் திறக்கும்போது வாடகை கூடியிருக்கும். மேல்மாடிக் கடைக்கு யாரும் ஏறமாட்டார்கள், ஏனென்றால் மரக்கறி வாங்க வந்தவர் படியேற விரும்புவதில்லை. மேல்மாடியை அலுவலகத்துக்கும் ரியூசனுக்கும் தையலுக்கும் விட்டு, கீழ்த்தளத்தைப் பழைய சந்தைக்காரருக்கே முன்னுரிமையோடு கொடுப்பதை ஒப்பந்தத்தில், வேலை தொடங்க முன்னர், எழுதி வைக்க வேண்டும். வாய்ச்சொல் கட்டடம் முடியும் வரை நிலைக்காது.

பின்வீதி

முன்பு சொன்ன இரண்டாவது கோட்டுக்கு வருவோம். நீள்வளர்ச்சிக்கு மருந்து ஏ9க்குச் சமாந்தரமாகக் கடைகளின் பின்னால் ஒரு வீதி. லொறி அங்கே சாமான் இறக்கலாம், தீயணைப்பு வாகனம் வரலாம், நாளைக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தால் புதைக்க இடம் இருக்கும். பிள்ளைகளின் சைக்கிள் நெடுஞ்சாலையை விட்டு விலகும். பின் காணிகளுக்கும் முகப்புக் கிடைக்கும்.

நிலத்தைச் சுவீகரித்து வீதி போடுவது ஒரு முறை: நட்டஈடு, வழக்கு, ஆண்டுக்கணக்கில் தாமதம். மற்றது காணி மீளொழுங்கு. இருபது அடி முகப்புள்ள பத்துக் காணிகளை எடுங்கள். ஒவ்வொருவரும் பின்பக்கத்தில் 20 அடி ஆழத்தை விடுகிறார்கள். 400 சதுர அடி, ஏறத்தாழ ஒன்றரைப் பேர்ச். பத்துப் பேர்ச்சில் பதினைந்து வீதம் போகிறது. பதிலுக்கு 200 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வீதி ஒன்று பிறக்கிறது. எட்டரைப் பேர்ச் காணிக்கு இப்போது இரண்டு முகப்பு. பின்பக்க முகப்பில் இன்னொரு சிறு கடையோ வாடகை அறையோ போடலாம். இழந்ததைவிடப் பெறுமதி கூடும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

பத்துப் பேரில் ஒருவர் மறுத்தால் வீதி அங்கேயே முட்டுச்சந்தாகிவிடும். மறுப்பவர் பெரும்பாலும் பேராசைக்காரர் அல்ல, கடைசிச் சுவர் வரை கட்டி முடித்தவர். அதைவிடப் பெரிய சிக்கல் கடதாசி: மூன்று பேர் உறுதி, நாலு பேர் பேர்மிற், ஒருவர் குத்தகை, இரண்டு பேர் ஒன்றுமில்லை என்றால் எல்லோரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்து வைக்க முடியாது. ஆதலால் வீதியை வரையும் வேலைக்கு முதல் கடதாசியை நேராக்கும் வேலை வர வேண்டும். நடைமுறையில் வரைபடம் முதலில் வருகிறது, நடமாடும் காணிச் சேவை பிறகு வருகிறது. இந்தத் தலைகீழ்தான் பல திட்டங்கள் திறப்பு விழாக் கல்லோடு நிற்பதற்குக் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

காணி வாங்க முன், கட்ட முன்

முதலில் கிராம அலுவலரையும் பிரதேச செயலகக் காணிக் கிளையையும் கேட்டு, காணி எந்த வகை என்பதைப் பேரேட்டில் பார்த்து உறுதிசெய்யுங்கள். விற்பவர் காட்டும் போட்டோப் பிரதி போதாது. உறுதிக் காணி என்றால் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கச் சொல்லுங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் எழுதிய உறுதி என்றால் இன்னும் பின்னுக்குப் போங்கள். பிறகு நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் தேடுங்கள். பதுங்குகுழி வெட்டியும் மண் அணை எழுப்பியும் புல்டோசர் ஓடியும் பல கற்கள் போய்விட்டன; வேலியை நம்பி அளந்தால் வேலி பொய் சொல்லும். பழைய குடியேற்றத் திட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும்.

வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பிரதேச சபையிலும், ஏ9 முகப்பு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் எழுத்தில் எடுங்கள். உங்கள் இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனம் செய்த பகுதிக்குள் வருகிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். வந்தால் அதன் விதிகளும் சேரும். வாய்க்காலோ குளமோ ஒட்டியிருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல சேவை நிலையமோ கையெழுத்து வைக்க வேண்டும். இவை கையில் வந்த பிறகே வரைபடம் கீறக் கொடுங்கள். முதலில் வரைபடம் கீறிவிட்டுக் கோட்டைத் தேடிப் போகிறவர் இரண்டு முறை காசு கொடுப்பார். கட்டட அனுமதி பொதுவாக ஓர் ஆண்டுக்குத்தான் செல்லுபடியாகும். காசு சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறவர் அதைப் புதுப்பிக்க மறந்து, முடிவில் இணக்கச் சான்றிதழ் (அனுமதித்தபடி கட்டியதற்கான சான்று) எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வார். அது இல்லாவிட்டால் வங்கியும் காப்புறுதியும் கட்டடத்தை ஏற்கத் தயங்கும்.

காணி பார்க்கப் போவதென்றால் ஆவணி வெயிலில் போக வேண்டாம். அப்போது எல்லாக் காணியும் மேடுதான். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள் காலை போங்கள். மதகின் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரத்தில் கோடு போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் கட்டுக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.